ஓம்விஸ்னிங்

ஒரு நாள் சுற்றுலாவுக்குச் சூட்கேசோடு வந்தவர் என்று நான் வாழ்க்கையில் ஒருவரைத்தான் கண்டிருக்கிறேன். இலையுதிர்காலத்துச் சனிக்கிழமை ஒன்றின் காலை, ஒஸ்லோ மத்திய ரயில் நிலையத்தின் அறிவிப்புப் பலகைக்குக் கீழே அவர் நின்றிருந்தார். கரும்பச்சைச் சூட்கேஸ் இரண்டு கால்களுக்கும் நடுவில் இருந்தது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, அதன் மேல் ஒரு கம்பளிச் சட்டை, அதன் மேல் இன்னொரு கம்பளிச் சட்டை, எல்லாவற்றுக்கும் மேலே ஜக்கெற். தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, முகச்சவரம் செய்து, கல்யாண வீட்டுக்குப் போகிறவர்போலத் துப்புரவாக இருந்தார். மற்றவர்களெல்லாம் தோளில் சின்னப் பையோடு கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றார்கள். "என்னண்ணா, பெட்டியெல்லாம்?" என்று கேட்டேன். "கொஞ்சம் உடுப்பு" என்றார். அதற்கு மேல் கேட்க எனக்குச் சோம்பல், பஞ்சியாக இருந்தது. அந்தக் காலத்தில் எனக்கு எல்லாவற்றுக்கும் பஞ்சி.

அவரை நாங்கள் மேசன் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். மட்டக்களப்பு, படுவான்கரைப் பக்கம். ஊரில் பள்ளிக்கூடம், கோயில் மதில், நெற்களஞ்சியம் எல்லாம் கட்டியவர். ஒஸ்லோவில் என்னோடு சேர்ந்து ஒன்பது மாடிக் கந்தோர்க் கட்டடமொன்றைக் கூட்டித் துடைத்தார். விடிய ஐந்து மணிக்குத் தொடங்கி மதியம் ஒரு மணிக்கு முடியும் வேலை. நான் யாழ்ப்பாணம், அவருடைய பேச்சு பழக எனக்குச் சில மாதங்கள் எடுத்தன. நாங்கள் "பிறகு" என்று சொல்லும் இடத்தில் அவர் "மறுகா" என்பார். "இருக்கு" என்பதை "இரிக்கி" என்பார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்; ஆனாலும் என்னைத் "தம்பி, நீங்க" என்றுதான் சொல்லுவார். படிக்கட்டுத் துடைக்கும்போது படியின் விளிம்பில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்து, "வேலை பரவாயில்ல" என்று அந்தக் கட்டடத்தைக் கட்டிய முகம் தெரியாத நோர்வேஜியக் கொத்தனாருக்குச் சான்றிதழ் கொடுப்பார்.

அவருடைய அகதி விண்ணப்பம் மூன்று வருடமாக இழுபட்டுக்கொண்டிருந்தது. முதல் தடவை நிராகரித்துவிட்டார்கள். மேன்முறையீடு செய்துவிட்டுக் காத்திருந்தார். ஊரில் அப்போது சமாதானப் பேச்சு நடந்தது, அதுவும் நோர்வேக்காரர் நடுவில் நின்று நடத்திய பேச்சு. அங்கே சண்டை நின்றது எங்களுக்குச் சந்தோசம்தான். ஆனால் இங்கே வழக்கு வைத்திருந்தவர்களுக்கு அதுவே வினையாக வந்தது. சண்டை இல்லாத நாட்டுக்குத் திரும்பிப் போவதில் உனக்கென்ன பயம் என்று கேட்டால் என்ன பதில் சொல்லுவது? ஊரில் அவருக்கு மனைவியும் இரண்டு பிள்ளைகளும். இளைய மகளை ஏழு மாதக் குழந்தையாக விட்டுவிட்டு வந்தவர். அவள் அப்பாவைத் தொலைபேசியில் மட்டும்தான் அறிவாள்.

இனி என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்ல விருப்பமில்லை, ஆனால் சொல்லாவிட்டால் இந்தக் கதைக்கு நேர்மை இல்லை. நான் எண்பதுகளின் கடைசியில் மாணவனாக வந்தவன். நோர்வேஜிய மொழி ஓரளவுக்கு வாயில் நின்றது. அதனாலேயே ஒஸ்லோவின் ரொம்மன் பகுதியில் எங்கள் வீடு ஒரு தபால் கந்தோராகிவிட்டது. பள்ளிக்கூடக் கடிதம், பல்வைத்தியர் கடிதம், வரிக் கடிதம், பிள்ளைகள் காப்பகத்தின் கடிதம், யாரோ அலுமாரி விற்கும் விளம்பரம்கூட எங்கள் சாப்பாட்டு மேசைக்கு வரும். தொடக்கத்தில் பெருமையாகத்தான் இருந்தது. ஐந்தாறு வருடத்தில் அது கழுத்தில் தொங்கும் கல்லாகிவிட்டது. வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே தொலைபேசி அடிக்கும். "அண்ணை, ஒரு சொல்லு மட்டும்" என்பார்கள். அந்த ஒரு சொல்லின் பின்னால் இரண்டு பக்கம் வரும். மனைவி, "நீங்கள் மாட்டன் எண்டு சொல்லப் பழகுங்கோ" என்பாள். நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. அதற்குப் பதிலாக அரைக் காதால் கேட்கப் பழகிக்கொண்டேன். அதுதான் இன்னும் மோசம் என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

நகரின் ட்வெய்ட்டாப் பகுதியில் மேசன் அண்ணா வாடகைக்கு இருந்த அறைக்குக் கிட்ட, வாரத்தில் ஒரு பின்னேரம் இலவச மொழி வகுப்பு நடக்கும். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நடத்தினார். எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். பல நாட்டவர்கள் படித்தார்கள். அந்த வருடம் டீச்சருக்கு இவர்களையெல்லாம் எங்காவது கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ஒஸ்லோவில் எதைக் காட்டினாலும் நாடு விளங்காது, ஒரு சின்ன ஊரைப் பார்த்தால்தான் விளங்கும் என்பது அவருடைய கட்சி. ஹாமார் என்ற ஏரிக்கரை ஊரைத் தெரிந்தெடுத்தார். பழைய தேவாலயத்தின் இடிபாடு, அருங்காட்சியகம், ஓவியக்கூடம், அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த நோர்வேஜியர்களின் வீடுகள், எல்லாம் ஒரே நாளில். வகுப்பில் மூன்று தமிழர்கள் இருந்தபடியால் மொழிபெயர்க்க வருவாயா என்று என்னைக் கேட்டார். என்னிடம் அவர் சொன்ன சொல் "தூர்", அதாவது பயணம். சரி என்றேன். மாட்டேன் என்று சொல்ல நான் இன்னும் பழகவில்லையே.

பயணத்தைப் பற்றிய தாளை டீச்சர் வகுப்பில் கொடுத்தபோது மேசன் அண்ணா அங்கே இல்லை. அவருக்குத் தபாலில் அனுப்பினார். அதில் தேதி இருந்தது, நேரம் இருந்தது, மத்திய நிலையத்தில் எந்த மேடை என்று இருந்தது. அடையாள அட்டை கொண்டு வரவும், தடித்த உடுப்பு உடுத்து வரவும், மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டு வரவும் என்றெல்லாம் இருந்தது. கீழே டீச்சரின் முழுப் பெயர். மேசன் அண்ணாவுக்கு அந்தப் பெயர் தெரியாது. தலைப்பில் தடித்த எழுத்தில் ஒரே ஒரு சொல்: ஓம்விஸ்னிங். ஓர் இடத்தைச் சுற்றிக் காட்டி விளக்கம் சொல்லுவதற்கு நோர்வேஜிய மொழியில் அதுதான் சொல். அதற்குப் பக்கத்து வீட்டுக்காரன்போல இன்னொரு சொல் இருக்கிறது, ஊத்விஸ்னிங். ஆளை நாட்டைவிட்டு வெளியேற்றுவது. முதலாவது சொல்லை எங்கள் ஆட்கள் பலர் கேள்விப்பட்டதே இல்லை. இரண்டாவது சொல்லைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார்கள்.

புதன்கிழமை பின்னேரம் மூன்று மணி இருக்கும். வேலை முடிந்து வந்து நான் குப்புறப் படுத்திருந்தேன். தொலைபேசி அடித்தது. மேசன் அண்ணா.

"தம்பி, படுத்திட்டீங்களா? ஒரு சொல்லு கேக்கணும். விஸ்னிங் எண்டு முடியிது."

"ஊத்விஸ்னிங்கோ?"

"ஓம்விஸ்னிங்."

நான் கேட்டது "ஓம், விஸ்னிங்" என்று. ஆமாம் என்பதற்கு எங்கள் ஆட்கள் ஒரு நாளைக்கு இருநூறு தடவை சொல்லும் ஓம். தலையணையில் கிடந்த காதுக்கு வேறு என்ன விளங்கும்? "அது நாட்டை விட்டு அனுப்பிறது அண்ணா. ஆருக்கு வந்தது?" என்று கேட்டேன். "ஒரு ஆளுக்கு" என்றார். "கடிதத்தைக் கொண்டு வரச் சொல்லுங்கோ, பாப்பம்" என்றேன். "சரி தம்பி, நீங்க படுங்க" என்று வைத்துவிட்டார். மறுநாளும் அதற்கு மறுநாளும் ஒன்றாகத்தான் வேலை செய்தோம். அந்த ஆளுக்கு என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. இன்னொரு கடிதம் குறைந்தது என்றுதான் மனதுக்குள் இருந்திருக்கும். வெள்ளிக்கிழமை வேலை முடிந்தபோது தன் அலுமாரியைத் துடைத்து, வேலைச் சப்பாத்தை ஒழுங்காகச் சோடி வைத்துவிட்டுப் போனார். அதையும் பார்த்தேன். அதையும் கேட்கவில்லை.

அந்த மூன்று நாட்களில் அவர் செய்தவற்றை எல்லாம் பிறகு ஒவ்வொன்றாக அறிந்தேன். சோறு வடிக்கும் மின்சாரப் பானையை வீட்டுக்கார அக்காவுக்குக் கொடுத்தார். சைக்கிளை அக்காவின் மகனுக்குக் கொடுத்தார். கேட்டவர்களுக்கு வேறு இடம் மாறுகிறேன் என்று சொன்னார். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஊருக்குத் தொலைபேசி எடுத்து மனைவியிடம் "வாறன்" என்று சொல்லிவிட்டார். இளைய மகள் வாங்கி, "எத்தினை நித்திரை கொண்டா வருவீங்க?" என்று கேட்டாளாம். "ரெண்டு" என்றாராம்.

இனி ரயில். மேடையில் அவர் யாரோடும் கதைக்கவில்லை. டீச்சர் ஓடி வந்து சூட்கேஸைப் பார்த்துச் சிரித்து, நன்றாகத் தயாராகி வந்திருக்கிறீர்கள் என்று முதுகில் தட்டினார். மேசன் அண்ணா மரியாதையாகத் தலையாட்டினார். ரயிலில் எனக்கு எதிரே ஜன்னல் ஓரம் இருந்தார். சூட்கேஸை மேலே வைக்க விடவில்லை. ஒஸ்லோவின் கட்டடங்கள் முடிந்து வயல் தொடங்கியது. நான் கண்ணை மூடிவிட்டேன். ஹாமாருக்குப் போகிற ரயில் வழியில் விமான நிலையத்தின் அடியில் நின்று போகும். அங்கே ரயில் நின்ற சத்தத்தில் கண் விழித்தேன். மேசன் அண்ணா எழுந்து நின்றார். ஜக்கெற்றின் சிப்பைக் கழுத்துவரை இழுத்திருந்தார். ஒரு கையில் சூட்கேஸ். மற்றக் கையை என்னிடம் நீட்டினார்.

"அப்ப வாறன் தம்பி. வீட்டில தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லுங்க."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. டீச்சர் பின் இருக்கையிலிருந்து, இங்கே இல்லை, இங்கே இல்லை, ஹாமார், ஹாமார் என்று கையை ஆட்டினார். "இஞ்சை இல்லை அண்ணா, ஹாமாரிலைதான் இறங்கிறது" என்றேன். அவர் நின்றபடியே கேட்டார்: "ஏன், பிளேன் அங்கயிருந்தா போகுது?"

அப்போதுதான் எனக்குத் தலையில் யாரோ தண்ணீர் ஊற்றியதுபோல இருந்தது. கதவு மூடி ரயில் புறப்பட்டுவிட்டது. அவர் ஜக்கெற்றின் உள்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்துத் தந்தார். நான் தலைப்பைப் பார்த்தேன். அந்தச் சொல்லின் முதல் எழுத்துகளைப் பார்த்தேன். புதன்கிழமை தொலைபேசியில் அவர் என்ன சொன்னார், நான் என்ன கேட்டேன் என்பது முழுதாக விளங்கியது. "அண்ணா, இது சுத்திக் காட்டிறது. ஊர் பாக்கப் போறம். உங்களை ஒருத்தரும் அனுப்பேல்லை" என்றேன். அவர் மெல்ல இருந்தார். "ரெண்டு சொல்லும் ஒரே மாதிரி. ஆரும் மாறித்தான் விளங்குவினம்" என்றும் சொன்னேன். நான்தான் மாறி விளங்கினேன் என்று சொல்லவில்லை. அவர் படித்த பிழை என்பதுபோல அந்த வசனத்தைக் கட்டினேன். கொஞ்சமும் யோசிக்காமல் அப்படி வாயில் வந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் என்னில் எனக்கு வெறுப்பு வருகிறது.

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், அல்லது கும்பிடுவார் என்று. அவர் ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தார். ஏரி தொடங்கியிருந்தது. அதைப் பார்த்தபடியே, "சாப்பாடு கட்டிக்கொண்டு வரச் சொல்லி இருந்திச்சு. சரி, இவங்க ஆள அனுப்பினாலும் பொட்டலத்தோடதான் அனுப்புவாங்க எண்டு நினைச்சன்" என்றார். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "மத்த ஆக்களையும் கண்ட உடன, எல்லாரையும் ஒண்டா அனுப்புறாங்க, டீச்சர் வழியனுப்ப வந்திரிக்கா எண்டு நினைச்சன். உங்களக் கண்டன். மொழிபெயர்க்க வந்திரிக்கீங்க, சங்கடப்படுத்தக் கூடாது எண்டு ஒண்டும் கதைக்கல்ல" என்றார்.

ஹாமார் சின்ன ஊர். ஒரு பெரிய வீதி, சில கடைகள், முடிவில் ஏரி. கரையோரமாக முக்கால் மணித்தியாலம் நடந்தோம். சூட்கேஸின் சில்லுகள் சரளைக் கல்லில் கரகரவென்று சத்தம் போட்டன. நிலையத்தில் பெட்டி வைக்கும் இடத்தில் விடலாமே என்று டீச்சர் சொன்னார். அவர் மறுத்துவிட்டார். நான் தூக்கட்டுமா என்று கேட்டேன். அதற்கும் இல்லை. எட்டுப் பேர் முன்னால் சிரித்துக் கதைத்துக்கொண்டு போனார்கள். பின்னால் அவரும், இரண்டடி தள்ளி நானும். எனக்குக் காலும் நொந்தது, மனமும் நொந்தது. எப்போது இந்த நாள் முடியும் என்றிருந்தது.

முதலில் தேவாலயத்தின் இடிபாடு. நூற்றாண்டுகளுக்கு முன்னர் ஒரு போரில் உடைந்து, மிஞ்சிய நான்கைந்து கல் வளைவுகள். அவற்றின் மேல் இரும்பாலும் கண்ணாடியாலும் ஒரு பெரிய கூடாரம் போட்டிருக்கிறார்கள். உள்ளே வெளிச்சம் வெளியைவிடக் கூடவாக இருந்தது. விளக்கம் சொல்ல வந்த இளம்பெண், கல்லின் இடுக்கில் நீர் இறங்கிப் பனியில் உறைந்தால் கல் வெடித்துவிடும், அதனால்தான் இந்தக் கண்ணாடி என்றாள். மொழிபெயர்த்தேன். மேசன் அண்ணா சூட்கேஸை ஒரு தூணோரம் நிறுத்திவிட்டு, முதல் தடவையாக அதை விட்டு விலகி, சுவருக்குக் கிட்டப் போனார். தொடலாமா என்று கேட்கச் சொன்னார். ஒரு விரலால் தொடச் சம்மதித்தாள். இடையிலிருந்த சாந்தை விரலால் தடவி, "இது சுண்ணாம்பு. சீமெந்து கலக்கல்ல. மணல் ஏரி மணல்" என்றார். அந்தப் பெண்ணுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இருவரும் என்னை நடுவில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் சுண்ணாம்பு பற்றிக் கதைத்தார்கள். பிறகு அவர் அண்ணாந்து கண்ணாடியைப் பார்த்து, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்: "உடைஞ்ச சுவருக்கு வெடிப்பு வரக் கூடாது எண்டு எவ்வளவு பாடு." அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

பக்கத்தில் பழைய மாட்டுக் கொட்டிலொன்றை அருங்காட்சியகமாக்கியிருந்தார்கள். உடைந்த கற்சுவர்களில் எங்கும் முட்டாமல், சாய்வான கொங்கிறீட் பாதையொன்று உள்ளே மிதந்து போகிறது. அது உலகம் அறிந்த கட்டடக்கலை என்று டீச்சர் சொன்னார். மேசன் அண்ணா பாதையின் அடிப்பக்கம் குனிந்து, பலகை அடித்த அச்சுகளைப் பார்த்துத் தலையாட்டினார். ஓவியக்கூடத்தில் அவர் படங்களைப் பார்க்கவே இல்லை. படம் மாட்டிய சுவரின் பூச்சைப் பக்கவாட்டில் நின்று பார்த்தார். மற்ற நாளாக இருந்தால் இதை வைத்து ஒரு மாதம் அவரைப் பகிடி பண்ணியிருப்பேன்.

மதியம் ஏரிக்கரை வாங்கில்களில் இருந்து சாப்பிட்டோம். எல்லோரும் பாண் துண்டுகளை விரித்தபோது அவர் சூட்கேஸைத் திறந்தார். மேலே ஒரு சின்னப் பிள்ளையின் சிவப்புக் குளிர்சட்டை, விலைத்துண்டு கிழிக்காமல் இருந்தது. அதற்குக் கீழே துவாயில் சுற்றிய மூன்று பொட்டலம் ரொட்டி, சம்பல், அவித்த முட்டை. கொழும்பு போய்ச் சேரும் வரைக்கும் என்று கட்டிய சாப்பாடு. எல்லோருக்கும் பங்கு போட்டுக் கொடுத்தார். டீச்சருக்கு உறைப்பில் கண் கலங்கியது. எல்லோரும் அவரைப் புகழ்ந்தார்கள். அவர் ரொட்டியைப் பிய்த்தபடி என்னிடம் சொன்னார்: "மூணு வருசம் தம்பி. ஒரு இரவு ஒழுங்காப் படுத்ததில்ல. தபால்காரன் வாற நேரம், ஜீப் சத்தம், என்னத்துக்கும் முழிப்பு. நேத்துப் படுத்தன் பாருங்க, விடிய மணிக்கூடு அடிக்கத்தான் எழும்பின நான். எல்லாம் முடிஞ்சு எண்டு மனம் ஆறிட்டு." பிறகு ஏரியைப் பார்த்துக்கொண்டு, "இண்டைக்கு இரவு மறுகா முழிப்புத்தான்" என்றார்.

கடைசியாகப் பஸ்ஸில் குடிபெயர்ந்தவர்களின் அருங்காட்சியகத்துக்குப் போனோம். புல்வெளியில் மரவீடுகள், ஒரு பள்ளிக்கூடம், ஒரு சின்னத் தேவாலயம். முன்னொரு காலத்தில் பஞ்சத்தால் நோர்வேயை விட்டு அமெரிக்காவின் நடுப்பகுதிச் சமவெளிக்குப் போனவர்கள் அங்கே கட்டிய வீடுகள். பின்னாளில் அவற்றைப் பலகை பலகையாகக் கழற்றி, கப்பலில் கொண்டு வந்து இங்கே திரும்பப் பொருத்தியிருக்கிறார்கள். சுற்றிக் காட்டிய பெரியவர் இதைப் பெருமையோடு சொன்னார். மேசன் அண்ணா என் கையைப் பிடித்து, "ஆக்கள் எங்க எண்டு கேளுங்க" என்றார். கேட்டேன். ஆட்கள் அங்கேயே இருந்துவிட்டார்கள், பேரப்பிள்ளைகள் கோடையில் வந்து பார்ப்பார்கள் என்றார் பெரியவர். "அப்ப ஆக்கள விட்டுப்போட்டு வீட்டக் கொண்டு வந்திரிக்காங்க." மொழிபெயர்த்தேன். பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். "அங்க போனவங்களுக்கு ஆரும் ஆவ்ஸ்லாக் குடுத்தவங்களா?" ஆவ்ஸ்லாக் என்றால் நிராகரிப்பு, அந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. பெரியவர் சிரிப்பை நிறுத்தி, தொப்பியைச் சரிசெய்து, இல்லை, அந்தக் காலத்தில் நிலம்கூடக் கொடுத்தார்கள் என்று மெதுவாகச் சொன்னார். மேசன் அண்ணா தலையாட்டிவிட்டு, வீட்டின் மூலையில் மரங்கள் கோத்திருந்த விதத்தைப் பார்க்கப் போனார்.

திரும்பும் வழியில் ரயில் விமான நிலையத்தில் நின்றபோது அவர் எழும்பவில்லை. கண்ணை மூடியிருந்தார். நித்திரை இல்லை என்பது எனக்குத் தெரியும்.

கொடுத்த பானையையும் சைக்கிளையும் அவர் திருப்பிக் கேட்கவில்லை. அக்கா பானையைக் கொண்டு வந்து நீட்டியபோதும் வாங்கவில்லை. சட்டியில் சோறு வடித்தார். இவை சின்ன விஷயங்கள். பெரிய விஷயம் மகள். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டிலிருந்துதான் ஊருக்கு எடுத்தார். வரவில்லை என்று மனைவிக்குச் சொன்னார். மனைவி அழவில்லை, ஏன் என்றுகூடக் கேட்கவில்லையாம். பிள்ளை மட்டும் இரண்டு நித்திரை முடிந்துவிட்டது என்று வாசல் படலையில் போய் நிற்கிறாளாம். அதைச் சொல்லிவிட்டு எங்கள் கதிரையில் சாய்ந்திருந்தார். என் மனைவி தேத்தண்ணி கொண்டு வந்தாள். நான் அப்போது சொல்லியிருக்கலாம். பிள்ளைகள் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டினார்கள். அந்தச் சத்தத்தைச் சாட்டாக வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு படிவத்தோடு வந்தார். மேன்முறையீட்டைத் திரும்பப் பெற்று, தானாகவே நாடு திரும்பும் படிவம். "ஒவ்வொரு சொல்லா வாசியுங்க தம்பி" என்றார். மூன்று தடவை வாசித்தேன். இன்னும் கொஞ்சம் பொறுங்கள், முடிவு நல்லதாகவும் வரலாம், சமாதானம் எத்தனை நாளைக்கு நிற்கும் என்று யாருக்குத் தெரியும் என்றேன். "வாறன் எண்டு ஒருக்காச் சொல்லிப்போட்டன். அந்தச் சொல்லோட இஞ்ச இரிக்க ஏலா" என்றார். கையெழுத்து வைத்தார். டிசம்பரில் போனார். இந்த முறை விமான நிலையத்துக்கு நானும் போனேன். சிவப்புக் குளிர்சட்டை அந்த ஊர் வெயிலில் எதற்கு என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை.

அடுத்த சில வருடங்களில் சமாதானம் முறிந்தது. கிழக்கில் மறுபடியும் சண்டை. அவரோடு ஒரே காலத்தில் வழக்கு வைத்திருந்து, பொறுத்திருந்தவர்களில் எனக்குத் தெரிந்த இருவருக்கு வதிவிட அனுமதி கிடைத்தது. அந்தச் செய்தியை ஒருவர் இனிப்புப் பெட்டியோடு வந்து சொன்ன அன்றுதான் நான் கடிதம் வாசிப்பதை நிறுத்தினேன். கண் சரியில்லை என்றேன். பிறகு நேரமில்லை என்றேன். பிறகு ஆட்கள் தாங்களாகவே வருவதை விட்டுவிட்டார்கள். பின்னேரங்களில் தொலைபேசி அடிக்காத வீட்டில் நான் நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும். தூங்கவில்லை. கவலையால்தான் வாசிப்பதை விட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்; உண்மையில் சுமையை இறக்கி வைக்க ஒரு நல்ல சாட்டுக் கிடைத்தது என்றுதான் நினைக்கிறேன்.

கிழக்கில் சண்டை ஓய்ந்து ஒரு வருடத்துக்குப் பிறகு, வீட்டுக்கார அக்கா எங்கோ தேடி அவருடைய புதிய இலக்கத்தைத் தந்தார். ஒரு ஞாயிறு காலை எடுத்தேன். அதே குரல். நாலு மாதம் முகாமில் இருந்தோம், வீட்டுக் கூரை போய்விட்டது, பிள்ளைகள் சுகம் என்றார். செல் வெடித்த துண்டு பட்டு இடக்கை இப்போது முன்போல இல்லையாம். மட்டப்பலகை பிடிக்க முடியாது, பக்கத்தில் நின்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறாராம். அதைக் காலநிலை சொல்லுவதுபோலச் சொன்னார். இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனிதன் இல்லை என்று பட்டது.

"அண்ணா, அண்டைக்கு அந்தச் சொல்லைப் பிழையா விளங்கினது நீங்களில்லை. நீங்கள் சரியாத்தான் சொன்னனீங்கள். படுக்கையிலை கிடந்துகொண்டு பிழையாக் கேட்டது நான்தான்."

"தெரியும் தம்பி" என்றார். "ரெயிலுக்குள்ளயே தெரியும். தாளப் பாத்த உடன உங்கட முகம் வெளிறிப் போச்சு."

"பிறகேன் அண்ணா ஒண்டும் கேக்கேல்லை?"

"கேட்டா மறுகா நீங்க ஒருத்தருக்கும் கடிதம் வாசிக்க மாட்டீங்க. உங்கட குணம் எனக்குத் தெரியாதா? அங்க எங்கட ஆக்களுக்கு வேற ஆர் இரிக்கி?"

அந்தப் பக்கத்தில் கோழி கத்துவது கேட்டது. யாரோ பெண்பிள்ளை அப்பா என்று கூப்பிட்டாள். பொறு மகள், நோர்வேயிலிருந்து கதைக்கிறாங்க என்றார்.

"இப்பயும் வாசிக்கிறீங்கதானே தம்பி?"

"ஓம்" என்றேன்.